களமருத்துவ அனுபவத்திலிருந்து சுகாதாரத் துறை வேலைக்கு: வன்னியில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி

போர்க்காலத்தில் வன்னியில் காயக்காரரைப் பராமரித்தவர்களில் இளையவர்கள்கூட இன்று முப்பதுகளைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். குருதிப்பெருக்கை நிறுத்தவும், நாளம் பிடித்துச் சேலைன் ஏற்றவும், முறிந்த காலுக்கு மட்டை வைத்துக் கட்டவும், சத்திரசிகிச்சைக் கூடத்தில் கருவி எடுத்துக் கொடுக்கவும் பழகியவர்கள் இப்போது வயலிலும் கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறார்கள். இவர்களுள் ஒருவர் சுகாதாரத் துறைக்குத் திரும்ப விரும்பினால், செய்யத் தெரியும் என்று அவர் சொல்வதை நம்புவதற்கு எந்த அலுவலகத்திலும் ஒரு தாள் கேட்பார்கள். அந்தத் தாள் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஆகவே செய்ய வேண்டிய வேலை இதுதான்: அனுபவம் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கொண்டுபோய் வைக்காமல், தனித்தனிச் செயல்களாகப் பிரித்து, அவற்றுள் எவற்றை இன்று இன்னொருவர் கண்முன் செய்து காட்ட முடியுமோ அவற்றுக்கு மட்டும் சான்று பெற்று, வயதும் கல்வித் தகைமையும் அனுமதிக்கும் வேலைக்கு விண்ணப்பிப்பது. "நான் களமருத்துவத்தில் பத்து வருடம் இருந்தவன்" என்ற ஒற்றை வசனம் ஊரில் மதிப்புப் பெற்றுத் தரலாம். விண்ணப்பப் படிவத்தில் அதற்கு இடமில்லை.

வேறு நாடுகளிலும் இந்தச் சிக்கல் இருந்தது. 1965 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நால்வரைச் சேர்த்துக்கொண்டு, மருத்துவரின் மேற்பார்வையில் பணியாற்றும் புதியதொரு தொழிலுக்கான பயிற்சியைத் தொடங்கினார். அவர்களுள் மூவர் 1967 இல் பயிற்சியை முடித்து வெளியேறினர். கடற்படை அனுபவம் அவர்களுக்கு நுழைவாயிலாக இருந்ததே தவிர, இரண்டு வருடப் படிப்பிலிருந்து விலக்குத் தரவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். இன்றைய அமெரிக்கத் தரைப்படையின் களமருத்துவ உதவியாளர்கள் பயிற்சிக் காலத்திலேயே சிவில் துறையும் ஏற்கும் அவசர மருத்துவச் சான்றிதழைப் பெற்றுவிடுகிறார்கள். படையை விட்டு விலகும்போது தாள் கூடவே வருகிறது. வன்னியில் அனுபவம் பெற்றவர்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே அந்தத் தாளை இப்போது, பின்னோக்கி, உருவாக்க வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம்

இலங்கையில் மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்துவது 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம். இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெறாதவர் நோயைக் கண்டறிந்து மருந்து கொடுப்பது குற்றமாகும். அனுபவம் எவ்வளவு இருந்தாலும் இது மாறாது. தூரக் கிராமங்களில், வைத்தியசாலைக்குப் போகப் பேருந்து இல்லாத பொழுதில், பழைய மருத்துவப் போராளி ஒருவரிடம் வந்து ஊசி போடச் சொல்லிக் கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மனம் இரங்கிச் செய்யும் அந்த உதவி, ஒரு நாள் பென்சிலின் ஒவ்வாமையில் ஓர் உயிர் போனால், வழக்காக முடியும். சுகாதாரத் துறையில் வேலை தேட நினைப்பவர் வீட்டில் வைத்து ஊசி போடுவதை இன்றே நிறுத்திவிட வேண்டும். மருந்துக் கடை வைக்கலாம் என்று எண்ணுபவர்களும், 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமும் பதிவு பெற்ற மருந்தாளரும் தேவை என்பதை மனதில் கொள்ள வேண்டும்.

தாள்களைச் சேர்த்தல்

இடப்பெயர்வில் உரப்பையோடு தொலைந்துபோன ஆவணங்களை மீட்பது சலிப்பான வேலை. ஆனால் அதிகம் சொல்ல எதுவுமில்லை. பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பெறலாம். சுட்டெண்ணும் வருடமும் மறந்துபோயிருந்தால் படித்த பாடசாலையின் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண தரத்தில் தமிழ், கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றுள் ஒன்று குறைந்தாலும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக இப்போதும் தோற்றலாம். நாற்பது வயதில் மகளோடு ஒரே மண்டபத்தில் பரீட்சை எழுதுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. புனர்வாழ்வு பெற்றவர்கள் அதற்கான சான்றிதழையும் அதே கோப்பில் வைத்திருக்க வேண்டும். கேட்கும்போது தேடி ஓடுவதைவிட அது நல்லது.

இவற்றைவிட முக்கியமானது சாட்சியம். அக்காலத்தில் அரச வைத்தியசாலைகளில் கடமையாற்றிய தாதிய உத்தியோகத்தர்கள், மருந்தாளர்கள், உதவி வைத்திய அதிகாரிகள் சிலர் உங்கள் வேலையை நேரில் கண்டிருப்பார்கள். அவர்களுள் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்களிடம் கடிதம் கேட்கும்போது "நல்லவர், திறமையானவர்" என்ற பொது நற்சான்று வேண்டாம். எந்தக் காலப்பகுதியில், எந்த இடத்தில், எந்த வேலையைச் செய்யக் கண்டார்கள் என்று மூன்று நான்கு வரி எழுதித் தந்தால் போதும். கடிதம் எழுதத் தயங்குபவரை வற்புறுத்தக் கூடாது. அவருக்கும் அவருடைய அச்சங்கள் இருக்கும்.

அனுபவத்தைச் செயல்களாகப் பிரித்தல்

ஒரு கொப்பியை எடுத்து, நீங்கள் திரும்பத் திரும்பச் செய்த வேலைகளை, பெயர்களும் இடங்களும் சம்பவங்களும் இல்லாமல், வினைச்சொற்களாக மட்டும் எழுதுங்கள். காயத்தைக் கழுவி மருந்து கட்டினேன், நாடித்துடிப்பும் குருதி அழுத்தமும் பார்த்துக் குறித்தேன், கனூலா போட்டேன், சிறுநீர்க் குழாய் வைத்தேன், கருவிகளை அவித்துத் தொற்று நீக்கினேன், மருந்துக் களஞ்சியத்தின் கணக்கு எழுதினேன், படுக்கையில் கிடந்தவரைத் திருப்பிப் படுக்க வைத்தேன், புதிதாக வந்தவர்களுக்கு முதலுதவி கற்பித்தேன். இப்படி எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகளை இடுங்கள். கடைசியாக இதை எப்போது செய்தேன்? இன்று ஒரு தாதியின் முன்னால் தவறின்றிச் செய்து காட்ட முடியுமா? சிவில் வைத்தியசாலையில் இதைச் செய்ய யாருக்கு அனுமதி உண்டு?

மூன்றாவது கேள்வியிலேயே பலருக்கு மனம் சோரும். சத்திரசிகிச்சையில் கை வைத்தவருக்கு, சிற்றூழியராகச் சேர்ந்தால் கனூலா போடக்கூட அனுமதி இல்லை. இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்பவர்கள் வேலையில் நிலைப்பதில்லை. மறுபக்கம், பலர் பெரிதாக எண்ணாத வேலைகளுக்கே சிவில் துறையில் இடம் அதிகம் என்பது கொப்பியைப் பார்க்கும்போது தெரியவரும். கருவிகளைத் தொற்று நீக்கியவர், களஞ்சியக் கணக்கு எழுதியவர், முள்ளந்தண்டில் காயப்பட்டவருக்குப் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தவர் ஆகியோருக்கு, களத்தில் தையல் போட்டவரைவிட எளிதாக வேலை கிடைக்கும்.

விண்ணப்பத்தில் எழுதும்போது களத்தின் மொழியை வைத்தியசாலையின் மொழிக்கு மாற்ற வேண்டும். "ஷெல்லடி நேரம் பங்கருக்குள் வைத்துக் காயக்காரரைப் பார்த்தேன்" என்று மனதில் இருப்பதை, "ஒரே நேரத்தில் பல காயமுற்றோர் கொண்டுவரப்பட்ட நிலைமைகளில், உயிராபத்தின் அளவுக்கேற்ப அவர்களை முன்னுரிமைப்படுத்தி, குருதிப்பெருக்கைக் கட்டுப்படுத்தி, சத்திரசிகிச்சை நிலையத்துக்கு அனுப்பும்வரை பராமரித்துள்ளேன்" என்று எழுதலாம். இரண்டும் ஒரே உண்மை. இரண்டாவதை வாசிப்பவர் தனக்குத் தெரிந்த வேலை ஒன்றை அதில் காண்கிறார். எங்கே, எந்த அமைப்பில் என்ற கேள்விக்குப் பொய் எழுத வேண்டாம். "2009 இற்கு முன்னர் வன்னியில், காயமுற்றோர் பராமரிப்பில்" என்று சுருக்கமாக எழுதி, மேலும் கேட்டால் நேரில் விளக்குவது போதுமானது. இல்லாத தனியார் மருத்துவமனை ஒன்றின் பெயரைப் போட்டவர்கள், பின்னர் அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதிலேயே காலத்தைக் கழிக்கிறார்கள்.

இந்தக் கொப்பி இன்னொரு வகையிலும் உதவும். இலங்கையின் தேசிய தொழில் தகைமை முறையில், என்.வி.கியூ. என்று எல்லோரும் சொல்வதில், வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தால் கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழி உண்டு. ஏழு மட்டங்கள் கொண்ட இந்த முறையில் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் இயங்கும் இந்த வழியில், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை மதிப்பீடுகளை நடத்துகிறது. விண்ணப்பித்தவர் தன் அனுபவச் சான்றுகளை ஒரு கோப்பாகச் சமர்ப்பித்து, மதிப்பீட்டாளர் முன்னிலையில் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, வேலையைச் செய்து காட்ட வேண்டும். சுகாதாரத்தோடு தொடர்புடைய தொழில்களுள் நோயாளர், முதியோர் பராமரிப்பாளர் தொழில் இந்த வழிக்கு மிகவும் பொருந்துகிறது. ஆனால் மதிப்பீட்டாளர் பார்ப்பது நீங்கள் 2008 இல் என்ன செய்தீர்கள் என்பதை அன்று. அன்றைய தினம் அவர் கண்முன் என்ன செய்கிறீர்கள் என்பதை. ஆகவே விண்ணப்பிக்கும் முன் கை பழக வேண்டும். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையிலோ சென். ஜோன் அம்புலன்ஸ் அமைப்பிலோ முதலுதவிப் பயிற்சி ஒன்றை முடித்துக்கொண்டால், கையும் பழகும், இன்றைய திகதியிட்ட முதல் சான்றிதழும் கோப்பில் ஏறும்.

மாற்றிக்கொள்ள வேண்டியவை

களத்தில் நீங்கள் பார்த்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். நோயற்ற உடம்பில் திடீரென ஏற்பட்ட காயம். வன்னியின் வைத்தியசாலைக்கு இன்று வருபவர்களோ நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் உள்ள முதியவர்கள், கர்ப்பிணித் தாய்மார், காய்ச்சலோடு வரும் குழந்தைகள், சிறுநீரக நோயாளிகள், ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தவர்கள், வயலில் பாம்பு தீண்டியவர்கள். காயத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு கிளினிக் கொப்பியைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. குழந்தைக்கு மருந்தின் அளவு நிறையைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது என்பதும், வியர்த்து உளறும் நீரிழிவு நோயாளிக்கு முதலில் பார்க்க வேண்டியது குருதியில் சீனியின் அளவு என்பதும் புதிதாகக் கற்க வேண்டியவை.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பழைய பழக்கம் எங்கே ஆபத்தாக மாறும் என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. ஷெல் துண்டு பட்டுத் தொடை நாடி அறுந்தவருக்கு இறுக்கிக் கட்டும் தடைக்கட்டு உயிர் காத்தது; அங்கே தயங்கியவர் ஆளை இழந்தார். அதே கை, முத்திரைப் புடையன் தீண்டிய காலைக் கண்டதும் தானாகவே கட்டத் தேடும். அங்கே இறுகக் கட்டுவது இரத்த ஓட்டத்தைத் தடுத்துத் தசையை அழுகச் செய்யும். கட்டை அவிழ்க்கும்போது நஞ்சு ஒரேயடியாகப் பரவவும் கூடும். கடிவாயைக் கீறுவதும் தவறு, ஏனென்றால் அந்த நஞ்சு குருதி உறைவதையே குலைக்கிறது. கீறிய இடத்திலிருந்து கசிவு நிற்காது. மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றி, காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே முதலுதவி. அங்கே ஒரு கண்ணாடிக் குழாயில் குருதியை எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, அது உறைகிறதா என்று பார்ப்பார்கள். நஞ்செதிர் மருந்து கொடுப்பதா என்ற முடிவு அதையும் நோயாளியின் மற்ற அறிகுறிகளையும் வைத்தே எடுக்கப்படும்.

இதயம் நின்றவருக்குச் செய்யும் நெஞ்சழுத்தத்தையும் இன்றைய அளவுகளின்படி மீளக் கற்க வேண்டும்: வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. களத்தில் இதற்கு அவ்வளவு இடம் இருக்கவில்லை. குண்டுபட்டு இரத்தமின்றி இதயம் நின்றவரை நெஞ்சழுத்தம் மீட்பது அரிது. மாரடைப்பில் விழுந்தவரிடம் அதுவே முதல் வேலை.

இல்லாததைக் கொண்டு சமாளிப்பது இன்னொரு பழக்கம். சேலையைக் கிழித்துக் கட்டுத்துணி ஆக்கியதும், பயன்படுத்திய பண்டேஜை அவித்துக் காயவைத்து மறுபடி கட்டியதும் அன்று உயிர்களைக் காத்த கெட்டித்தனம். இன்றைய வைத்தியசாலையில் ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய பொருளை மீண்டும் எடுத்தால் அது ஒழுக்காற்று விசாரணைக்குரிய குற்றம். பொருள் இல்லை என்றால் இல்லை என்று எழுதிப் பொறுப்பானவருக்கு அறிவிப்பதே முறை. எழுதுவது என்றதும் இன்னொன்று: பி.எச்.ரி. என்று அழைக்கப்படும் உள்நோயாளர் பதிவில் எழுதப்படாத வேலை செய்யப்படாத வேலையாகவே கருதப்படும். நேரம், அளவு, கையொப்பம் ஆகிய மூன்றும் இல்லாமல் எந்தப் பதிவும் முழுமையாகாது. களத்தில் தடைக்கட்டின் மேல் நேரத்தை எழுதப் பழகியவர்களுக்கு இது கடினமாக இருக்காது.

இரத்த வாடையும் அலறலும் பழையதைக் கிளறக்கூடும் என்பதை வேலைக்குச் சேர்ந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட முன்னரே அறிந்துகொள்வது நல்லது. உறக்கம் கெடுகிறது, அம்புலன்ஸ் சத்தத்தில் உடல் நடுங்குகிறது என்றால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கும் அழைக்கலாம். அதனால் வேலை வாய்ப்புக் கெட்டுவிடும் என்று ஒளிப்பவர்கள், தானாக அடங்காத ஒன்றை இன்னும் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

எந்த வேலைக்குப் போவது

வன்னியில் களமருத்துவத்துக்கு மிக அண்மையில் இருக்கும் சிவில் வேலை கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களில் உள்ள மருத்துவ உதவியாளர் பணி. கண்ணிவெடி நடவடிக்கைக்கான சர்வதேச நியமங்களின்படி, வெடிபொருள் அகற்றும் இடத்தில் தகுந்த மருத்துவ உதவியும் காயப்பட்டவரை வெளியேற்றும் ஒழுங்கும் இருந்தே ஆக வேண்டும். ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்கள் வடக்கில் இந்த வேலையைச் செய்துவந்துள்ளன. முகமாலையில் வேலை நடந்ததைக் கண்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பணியாளர்கள் உள்ளூரவர்கள் என்பதால் உங்கள் பின்புலம் அங்கே புதினமாகப் பார்க்கப்படாது. ஆனால் இந்த வேலைக்கு முடிவு உண்டு. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்கீழ் நாட்டைத் துப்புரவாக்கக் குறிக்கப்பட்ட காலக்கெடு 2028. ஆகவே அங்கே சேர்பவர், வெடிபொருள் உள்ளவரைதான் சம்பளம் என்று எண்ணி, அந்தக் காலத்துக்குள் பயிற்சிச் சான்றிதழ்களையும் பணிச் சான்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018 இல் வடக்குக்கு வந்தது. அதன் அவசர மருத்துவ உதவியாளர் பணி உங்கள் திறமைக்கு நன்கு பொருந்தும். வயது, கல்வித் தகைமை, ஆங்கில அறிவு ஆகியவை இடறக்கூடும். தாதியர் பயிற்சியும் அப்படியே. சுகாதார அமைச்சு உயர்தரப் பெறுபேற்றின் அடிப்படையில் வர்த்தமானி மூலம் விண்ணப்பம் கோரி மூன்று வருடப் பயிற்சிக்குச் சேர்க்கிறது. வயதெல்லை இருப்பதால் போர்க்காலத் தலைமுறைக்கு அந்தக் கதவு ஏறத்தாழ மூடிவிட்டது. உங்கள் பிள்ளை அந்த வயதில் இருந்தால் வர்த்தமானியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அரச வைத்தியசாலையில் சம்பளமின்றித் தொண்டராகச் சேர்ந்தால் பின்னர் நிரந்தரமாக்குவார்கள் என்ற நம்பிக்கை வடமாகாணத்தில் நெடுங்காலமாக உண்டு. சுகாதாரத் தொண்டர்கள் வருடக்கணக்காகப் பணியாற்றிவிட்டு நியமனம் கோரி வீதியில் அமர்ந்ததை எல்லோரும் கண்டோம். தொண்டராகச் சேர்வதென்றால் கை பழகுவதற்காக, முன்கூட்டியே வகுத்துக்கொண்ட சில மாதங்களுக்கு மட்டும் சேருங்கள். முடிவில் பணிச் சான்றுக் கடிதம் தர முடியுமா என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவருக்கு என் கணிப்பில் நம்பத்தக்க வழி பராமரிப்புத் துறை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனித்துப்போன முதியவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்காக மாங்குளத்தில் இயங்கும் உயிரிழை போன்ற அமைப்புகளையும், யாழ்ப்பாணத்தில் செயற்கை அவயவம் வழங்கும் ஜெய்ப்பூர் நிலையத்தையும் அணுகிப் பயிற்சியோ வேலையோ உண்டா என்று விசாரிக்கலாம். தானே காலை இழந்த ஒருவர், புதிதாகக் காலை இழந்தவருக்கு எஞ்சிய காற்பகுதியைக் கட்டக் கற்றுக்கொடுக்கும்போது கிடைக்கும் நம்பிக்கையை எந்தப் பாடநெறியும் தராது. தனியார் மருத்துவமனைகளில் கருவி தொற்றுநீக்கும் பகுதி, களஞ்சியம், சத்திரசிகிச்சைக் கூட உதவியாளர் ஆகிய இடங்களுக்கும் விண்ணப்பிக்கலாம்.

நேர்முகத் தேர்வும் வெளிநாடும்

நேர்முகத்தில் போர்க்கதை சொல்ல வேண்டாம். "கடினமான நிலைமை ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், யார் சுட்டது, எந்த ஊர் விழுந்தது என்பவற்றை விட்டு, நோயாளியின் நிலை, நீங்கள் செய்தது, யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்ற மூன்றையும் ஒரு நிமிடத்துக்குள் சொல்லுங்கள். "வைத்தியர் இல்லாதபோது என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அன்று நீங்களே முடிவெடுத்தீர்கள். இன்று எதிர்பார்க்கப்படும் பதில், முதலுதவி செய்து, பொறுப்புத் தாதிக்கு அறிவித்து, நேரத்தைப் பதிவு செய்வேன் என்பதாகும். இளைய தாதி ஒருவர் கட்டளையிடும்போது பொறுத்துக்கொள்வீர்களா என்பதையும் அவர்கள் நேரடியாகக் கேட்காமல் உங்கள் முகத்தில் பார்ப்பார்கள்.

பராமரிப்பாளர் வேலைக்கு யப்பானுக்கும் இஸ்ரேலுக்கும் ஆட்களை எடுக்கிறார்கள். யப்பானுக்குப் போக மொழிப் பரீட்சையும் தொழில்திறன் பரீட்சையும் சித்தியடைய வேண்டும். மொழியைக் கற்கத் தேவைப்படும் காலத்தைக் குறைத்து மதிப்பிடுபவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். முகவரிடம் பணமோ கடவுச்சீட்டோ கொடுப்பதற்கு முன்னர், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அவருடைய அனுமதிப்பத்திர இலக்கத்தைச் சொல்லி, அது நடைமுறையில் உள்ளதா என்றும் அந்த நாட்டுக்கு அந்த வேலைக்கு ஆள் அனுப்ப அவருக்கு அங்கீகாரம் உண்டா என்றும் இரண்டையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.